விமானக் கரியும் சோற்றுப்பானைக் கரியும்

நான் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் திருடியிருக்கிறேன். திருடியது கரி. திருடிய இடம் என் சொந்த வீட்டுச் சமையலறை. சோற்றுப்பானையின் அடியில் படிந்திருந்த கரியைச் சுரண்டி, காகிதத்தில் மடித்து, இரண்டு நாள் கழித்துச் சட்டைப்பையில் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோய், இன்னொருவன் வைத்திருந்த குப்பியில் அடைத்தேன். அப்போது எனக்கு வயது முப்பத்திரண்டு. வேதியியலில் பட்டம் பெற்றிருந்தேன். வயதையும் பட்டத்தையும் இங்கே சொல்வதற்குக் காரணம், விவரம் தெரியாமல் செய்துவிட்டான் பாவம் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசிவிடக் கூடாது என்பதுதான்.

காரணம் பொறாமை. மற்றவர்கள் அடுத்தவனுடைய ஸ்கூட்டர், மாடிவீடு, மாமனார் என்று கௌரவமான விஷயங்களுக்காகப் பொறாமைப்படுகிறார்கள். நான் ஒருவனுடைய கரிக்காகப் பொறாமைப்பட்டேன். இந்த நோய்க்குத் தமிழில் புகைச்சல் என்று பெயர். வயிற்றெரிச்சல் என்றும் சொல்லலாம். முற்றிப்போனால் காதிலிருந்து புகை வரும் என்பார்கள். இவ்வளவு எரிச்சலும் புகையும் சேர்ந்த இடத்தில் கடைசியில் கரி வராமல் வேறென்ன வரும்?

எண்பதுகளின் நடுவில் ஆவடிக்குப் பக்கத்தில் ஓர் எஞ்சின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். இனிப் பறக்க லாயக்கில்லை என்று விமானத்திலிருந்து இறக்கப்பட்ட ஒரு ஜெட் எஞ்சினை நீளமான கொட்டகையில் தரையோடு போல்ட் போட்டு முடுக்கி வைத்திருந்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் அதை ஓட்டுவோம். ஓட்டும்போது குவார்ட்டர்ஸில் அலமாரித் தட்டுகளில் இருக்கும் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். எங்கேயும் போகாமல் நின்ற இடத்திலேயே கத்திக்கொண்டு கரியைக் கக்கும் அந்த எஞ்சினைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ சொந்தக்காரரைப் பார்ப்பது போலிருக்கும்.

குவார்ட்டர்ஸில் என் வீட்டுக்கு நேர் எதிரே அவன் குடியிருந்தான். விருதுநகர்ப் பக்கத்துக்காரன். நான் வேலையில் சேர்ந்த அதே வாரம் சேர்ந்தவன். என்னைவிட ஒரு வயது சின்னவன். அந்த ஒரு வயதைப் பிடித்துக்கொண்டு என்னை "அண்ணே, அண்ணே" என்று கூப்பிடுவான். எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவனிடம் கெட்ட குணம் எதுவும் இல்லாதது எனக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது. ஒரே செடியிலிருந்து ஒடித்த கனகாம்பரக் கிளைகளை இரண்டு வாசலிலும் நட்டோம். அவன் வாசலில் அது பூத்தது. என் வாசலில் அது குச்சியாகவே நின்று, ஒருநாள் யாரோ பல்துலக்க ஒடித்துக்கொண்டு போனார்கள். என் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே மனைவி சோறு வைத்துவிடுவாள். அதன் செயின் போடும் சத்தம் அப்படி. அவன் சைக்கிளோ பூனை மாதிரி வரும். "எதிர்வீட்டுக்காரரைப் பாருங்க" என்று மனைவி ஒரு நாளைக்கு ஒருமுறையாவது சொல்வாள். நானும் பார்த்தேன். அதுதான் வினை.

வேலையைப் பங்கிட்டுக் கொடுத்தவர் எங்கள் பிரிவுத் தலைவர். எரிபொருளில் கந்தகம் எவ்வளவு, மசகெண்ணெயில் அமிலம் எவ்வளவு என்று பார்ப்பது என் பொறுப்பு. அவனுக்குக் கிடைத்தது எஞ்சின் கக்கும் கரி. கரி என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்து ஆறு வருஷம் வருந்தினேன்.

ஏனென்றால் அவன் அந்தக் கரியைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே போனான். புகை வெளியேறும் குழாயில் ஒரு தகட்டைப் பொருத்தி, அதில் படிவதைச் சின்னத் தூரிகையால் தட்டிக் குப்பியில் சேர்ப்பான். நகரத்தில் ஒரு கல்லூரியில் எலக்ட்ரான் நுண்ணோக்கி இருந்தது. அங்கே நாலு முறை நடையாய் நடந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தான். தேநீர் வேளையில் அதை மேஜைமேல் வைத்தான். எல்லோரும் குனிந்தோம்.

"அண்ணே, ஜவ்வரிசி வேக வச்சா எப்படி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடக்கும்? அப்படியே இருக்கு பாத்தீங்களா?"

அப்படியேதான் இருந்தது. உருண்டை உருண்டையாக, ஒன்றோடொன்று ஒட்டி, வளைந்து கிளைவிட்டுப் போகும் சரங்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே அந்த உருண்டைகளை ஆயிரக்கணக்கில் அடுக்கலாம் என்றான். ஒவ்வோர் உருண்டையும் வெங்காயம் போல ஏடு ஏடாக உள்ளே போகிறதாம். ஒவ்வோர் ஏடும் கரி அணுக்கள் ஆறு ஆறாகக் கைகோத்த கம்பிவலை மாதிரியாம். எரிபொருள் சூட்டில் துண்டு துண்டாக உடைகிறது, முழுசாக எரிய மூச்சுக்காற்று போதாத இடத்தில் அந்தத் துண்டுகள் ஒன்றுசேர்ந்து வளையமாகின்றன, வளையங்கள் ஏடாகின்றன, ஏடுகள் சுருண்டு உருண்டையாகின்றன, உருண்டைகள் முட்டிக்கொண்டு சரமாகின்றன. இதில் பெரும்பகுதியை எஞ்சினே மறுபடி எரித்துவிடும். தப்பித்து வெளியே வருவதைத்தான் நாம் கரி என்கிறோம்.

"மெதுவா ஓடும்போது வர்ற கரில எண்ணெய்ப்பசை சாஸ்திண்ணே. சரியா எரியாத சரக்கு மேல படிஞ்சிருக்கும். முழு வேகத்துல வர்றது காஞ்ச கரி, அட்டக்கறுப்பு" என்றான்.

சோதனைக்கூடத்துப் பாஷையில் சொன்னால் நான் அப்போது மெதுவாக ஓடிக்கொண்டிருந்தேன்.

எஞ்சினை முடுக்குவதும் நிறுத்துவதும் கள்ளிக்குப்பத்துக்காரர் ஒருவரின் வேலை. அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். இவர் கை பட்டால்தான் எங்கள் எஞ்சின் உறுமும். பெயரைச் சொல்ல மாட்டேன். கள்ளிக்குப்பத்தார் என்றே வைத்துக்கொள்ளலாம். அவரும் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"சார், ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிகினு கீறேன். இந்த எஞ்சினுக்கு ஊத்துறோமே, அது இன்னா சார், கிருஷ்ணாயில் மாறியே நாறுது?"

"கிருஷ்ணாயில்தாண்ணே. நல்லா சுத்தம் பண்ணினது" என்றான் எதிர்வீட்டுக்காரன்.

"அட நைனா! அப்போ ப்ளேனு பறக்குறது ரேசன் கடை சரக்குலயா? எங்க ஊட்ல அந்த எழவுக்கு க்யூல நின்னுகினு கீறாங்க, இவன் மேல போய்க்கினே ஊதித் தள்றானா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. விமானம் குடிப்பதும் கிருஷ்ணாயில். என் வீட்டுத் திரி ஸ்டவ் குடிப்பதும் கிருஷ்ணாயில். அப்படியானால் அவன் கரிக்கு மட்டும் என்ன கொம்பு முளைத்திருக்கிறது?

கொம்பு முளைத்திருந்தது. அவன் கட்டுரையின் சாரமே கரிக்கும் தண்ணீருக்கும் உள்ள பகைதான். புதுக் கரியைத் தண்ணீரில் தூவினால் நனையாது, மிதக்கும். எரிபொருளில் இருக்கும் கந்தகம் எரிந்து அமிலமாகிக் கரியின்மேல் மெல்லிசாகப் படிந்தால், அதே கரி தண்ணீரை வாவென்று கூப்பிடும். உயரத்தில், குளிரில், கரியைச் சுற்றித் தண்ணீர் சேர்ந்து உறையும். நாம் கீழே நின்று வானத்தில் வெள்ளைக்கோடு என்போம். வெள்ளைக்கோட்டின் நடுவில் கறுப்புக் கரி இருக்கிறது என்று அவன் சொன்னபோது வாசலில் நின்ற காவலாளிகூட அண்ணாந்து பார்த்தார். கந்தகத்தை அளந்து கொடுத்தவன் நான். என்னை யாரும் அண்ணாந்தோ குனிந்தோ பார்க்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை பிரிவுத் தலைவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"தில்லியில ஒரு கருத்தரங்கு. நம்ம கரி பேப்பரை எடுத்துக்கிட்டாங்க. படிக்க ஒருத்தர் போகலாம். ரயில்ல போக நாள் இல்ல. ப்ளேன்ல அனுப்ப ஸ்பெஷலா பர்மிஷன் வாங்கியிருக்கேன்."

ப்ளேன். ஆறு வருஷமாக விமானப் புகையைக் குடித்து வாழ்ந்த எங்களில் ஒருவர்கூட விமானத்தின் படிக்கட்டை மிதித்ததில்லை. எங்கள் கொட்டகையில் எஞ்சின் இருந்தது. அது மாட்டியிருந்த விமானம் எப்படி இருக்கும் என்று பார்க்க மீனம்பாக்கத்துக்குப் போய்க் கம்பிவேலிக்கு வெளியே நிற்க வேண்டும். நான் நின்றிருக்கிறேன். மனைவியைக் கூட்டிக்கொண்டு போய், ஓர் எஞ்சினைக் காட்டி, "அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லியிருக்கிறேன். அவள், "உள்ள உக்காந்தா எப்படி இருக்கும்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை என் எதிர்ல கடைசித் தடவையா எல்லா டெஸ்டும் பண்ணிக் காட்டணும். முந்தின கணக்கோட ஒத்துப்போகணும். ஒத்துப்போகலைன்னா..." என்று பிரிவுத் தலைவர் இழுத்து, என்னைப் பார்த்தார். "நீங்க எடுத்துச் சரி பண்ணி, நீங்களே போய்ப் படிச்சிட்டு வாங்க."

அவர் அதைத் தூண்டிலாகச் சொல்லவில்லை. நான்தான் மீனாகப் பிறந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி வேப்பம்பட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ரயிலேறிப் போயிருந்தாள். சமையலறையில் சோற்றுப்பானை தேய்க்காமல் குழாயடியில் கவிழ்ந்து கிடந்தது. அதன் அடிப்பக்கம் வட்டமாக, கறுப்பாக என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன்.

என் திட்டம் எனக்கே அழகாக இருந்தது. கண்ணுக்கு இரண்டு கரியும் ஒன்றுதான். இரண்டும் கிருஷ்ணாயில் பெற்ற பிள்ளைகள். ஆனால் திரி ஸ்டவ்வின் சோம்பேறிச் சுடரில் வந்த கரியில் எண்ணெய்ப்பசை கூடுதலாக இருக்கும். கரைப்பானில் கழுவி எடைபோட்டால் கணக்கு இடிக்கும். யாரும் களவு என்று சந்தேகிக்க மாட்டார்கள். கைப்பிசகு என்பார்கள். அவன் கை பிசகியது என்று ஒருமுறை, வாழ்நாளில் ஒரே ஒருமுறை, யாராவது சொல்லிக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. விமானம்கூட அதற்கப்புறம்தான்.

கத்தியை வைத்ததும் கரி அப்பளம் போல ஏடாக உரிந்து வந்தது. இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டேன். ஏன் இவ்வளவு சுலபமாக வருகிறது என்று வேதியியல் படித்த ஒருவன் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. பொடித்து, காகிதத்தில் மடித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவன் கள்ளிக்குப்பத்தாரோடு கொட்டகைக்குப் போன பத்து நிமிஷத்தில் காரியத்தை முடித்தேன். அவன் குப்பியில் இருந்த உண்மையான விமானக் கரி கழுவுதொட்டியில் போனது. தண்ணீரில் நனையாமல் மேலேயே மிதந்து, போக மனமில்லாமல் மூன்று சுற்று சுற்றிவிட்டுப் போனது. என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

பதினோரு மணிக்குப் பிரிவுத் தலைவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கள்ளிக்குப்பத்தார் கதவோரம் நின்றார். எடைபோடும் சோதனைதான் முதலில் நடக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அவனோ கண்ணாடி முகவையில் தண்ணீரை ஊற்றினான்.

"முதல்ல மிதக்குறதைக் காமிச்சிருதேன் சார்."

கரியைத் தூவினான். மிதந்தது. எனக்கு மூச்சு வந்தது. பிரிவுத் தலைவர் தலையாட்டினார். வழக்கப்படி அவன் கண்ணாடிக் குச்சியால் ஒரு கலக்குக் கலக்கினான். நின்றதும் கரி மறுபடி மேலே வந்தது. ஆனால் தண்ணீர் பழைய தண்ணீராக இல்லை. அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் முகவையின் அடியில் வெள்ளையாக ஒரு வண்டல் இறங்கியது.



அவன் முகவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். மோந்து பார்த்தான். பிறகு கரியை வடிகட்டி நீக்கி, அந்தத் தண்ணீரைச் சோதனைக்குழாயில் ஊற்றிக் கொதிக்கவைத்து, தண்ணீர்க் குழாயடியில் காட்டி ஆற வைத்தான். அலமாரியைத் திறந்து அயோடின் புட்டியை எடுத்தான். அந்த அலமாரியில் அயோடின் புட்டி இருந்ததே எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு சொட்டு விட்டான்.

நீலம். பள்ளிக்கூடத்துப் பையன்கள் உருளைக்கிழங்கில் சொட்டுவிட்டுக் கைதட்டுவார்களே, அந்த நீலம்.

அந்தக் கணத்தில் என் மனைவி எனக்குக் கண்முன் தெரிந்தாள். பானையை ஸ்டவ்வில் ஏற்றும் முன் அதைக் கவிழ்த்து, அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்து, அடிப்பக்கம் முழுக்க வழித்துப் பூசுவாள். கரி பானையில் ஒட்டாமல் மாவில் படியும். தேய்க்கும்போது ஓர் உரசலில் வந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து தினமும் அதைப் பார்த்துக்கொண்டு பேப்பர் படித்திருக்கிறேன்.

"மாவுச்சத்து" என்றார் பிரிவுத் தலைவர். ரொம்ப மெதுவாகச் சொன்னார். "ஜெட் எஞ்சின்ல மாவுச்சத்து. அதுல இட்லி அவிச்சீங்களா?"

கள்ளிக்குப்பத்தாருக்குத் தாங்கவில்லை. "இன்னா சார் இது! இத்தினி நாளு கிருஷ்ணாயில்தான் குடிக்குதுன்னு நெனச்சேன். மாவும் துன்னுதா? சட்னி இன்னா, நாம்பளே ஊத்தணுமா?"

எதிர்வீட்டுக்காரன் சிரிக்கவில்லை. குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு நிமிர்ந்தான். என் முகத்தைப் பார்க்கிறான் என்று நினைத்து முகத்தைத் தயார் செய்தேன். அவன் பார்த்தது அதற்கு ஒரு சாண் கீழே. வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். பையின் அடிமூலையில் எட்டணா அளவுக்குக் கறுப்புக் கறை இருந்ததை அன்று சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போதுதான் நானே பார்த்தேன்.

"என் கவனக்குறைவு சார்" என்றான். "மாதிரி கெட்டுப்போச்சு. மறுபடி எடுத்துருதேன்."

பிரிவுத் தலைவர் கோபக்காரர். அவனை அப்படித் திட்டி நான் கேட்டதில்லை. "ஆறு வருஷமா கரி பிடிக்கிறவனுக்கு ஒரு குப்பியைச் சுத்தமா வச்சுக்கத் தெரியாதா?" என்றார். நான் ஆசைப்பட்டது கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் கிடைத்தது. அது காதில் விழுந்தபோது எப்படி இருந்தது என்று விவரிக்க முயன்று பல தடவை எழுதி எழுதி அடித்திருக்கிறேன். கல்யாண வீட்டில் ஆசைப்பட்டு இரண்டாவது ஜிலேபி வாங்கி, அதில் எறும்பு இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி.

"நாளைக்கு எஞ்சினை ஓட்டுங்க. நாளன்னிக்கு டெஸ்ட். அதுதான் கடைசி" என்றார் பிரிவுத் தலைவர். "இந்தத் தடவை குப்பி உங்கிட்ட இருக்க வேண்டாம். வேற யார்கிட்ட குடுக்கலாம், சொல்லு."

அவன் யோசிக்கவே இல்லை.

"அண்ணன்கிட்ட இருக்கட்டும் சார்."

மறுநாள் எஞ்சினை ஓட்டினோம். கள்ளிக்குப்பத்தார் முடுக்கினார். தகட்டைத் தூரிகையால் தட்டிக் குப்பியில் சேர்த்து, மூடியை முறுக்கி, அவன் என் கையில் கொடுத்தான். குப்பி வெதுவெதுப்பாக இருந்தது. "பத்திரம்ணே" என்றான். அவன் குரலில் எதையாவது கண்டுபிடிக்கலாமா என்று பார்த்தேன். எஞ்சின் அப்போதுதான் நின்றிருந்ததால் காதில் ரீங்காரத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் குப்பியை வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். சமையலறையிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம். மனைவி, "இது என்ன, திருநீறா?" என்று கேட்டாள். "கரி" என்றேன். "நம்ம வீட்ல இல்லாத கரியா?" என்றாள். 

வியாழக்கிழமை சோதனை நடந்தது. கரி மிதந்தது. கலக்கினோம், மிதந்தது. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. எண்ணெய்ப்பசையின் எடை முந்தின கணக்கோடு கச்சிதமாக ஒத்துப்போனது. எடைபோட்டது நான். தராசின் முள் நின்ற இடத்தைப் பார்த்து, ஒரே ஒரு கோடு கூட்டிச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சொல்லவில்லை. திருந்தியதால் அல்ல. கள்ளிக்குப்பத்தார் என் தோளுக்குப் பின்னால் நின்று, "சட்னி வேணுமா சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவன் தில்லிக்குப் போனான். விமானம் புறப்படும் நேரம் பார்த்து நான் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் நின்றேன். பூந்தமல்லிப் பக்கமாக ஒரு விமானம் ஏறிப் போனது. அவன் போனது அதுதானா என்று தெரியாது. நான் அதுதான் என்று முடிவு செய்துகொண்டேன். அந்த உயரத்தில், சென்னை வெக்கையில், வெள்ளைக்கோடு விழாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். விழுகிறதா என்று கண்ணில் தண்ணீர் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில்தான்.

நாலாம் நாள் திரும்பி வந்தான். நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, விமானத்தில் கொடுத்த பெப்பர்மிண்ட் மிட்டாய் நாலும், காதில் வைத்துக்கொள்ளக் கொடுத்த பஞ்சு உருண்டை இரண்டும் என் கையில் வைத்தான்.

"ஜன்னல் சீட்டுண்ணே. எஞ்சின் மூடியில பின்னால நம்ம கரி படிஞ்சிருந்துச்சு. உங்களைத்தான் நினைச்சேன்."

கரியைப் பார்த்தால் என்னை நினைக்கிறான். அது அன்பா ஊசியா? மிட்டாயைச் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். மிட்டாய் நன்றாக இருந்தது. அதற்காகவும் பொறாமைப்பட்டேன்.

பிறகு கட்டுரை அச்சாகி வந்தது. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர் இருந்தது. கந்தகத்தை அளந்ததற்கு நன்றி சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். "மாதிரிகளின் தூய்மையைக் காத்தமைக்காக" என்று போட்டிருந்தான். தெரிந்து எழுதினானா, தெரியாமல் எழுதினானா? தெரியாமல் எழுதியிருந்தால் அவன் அப்பாவி, நான் அயோக்கியன். தெரிந்து எழுதியிருந்தால் அவன் என்னைவிடப் பெரிய மனுஷன், அதோடு என்னைவிட நன்றாகக் குத்தத் தெரிந்தவன். எந்தப் பக்கம் போனாலும் நான்தான் கீழே. அந்த ஒரு வரியை நான் படித்த அளவுக்கு அந்தக் கட்டுரையை உலகத்தில் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

ஓர் ஆறுதல் இருந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பானையில் கரி பிடிப்பது எப்படியோ நின்றுபோயிருந்தது. சுடர் நீலமாக, அமைதியாக எரிந்தது. ரேஷன் கடையில் நல்ல கிருஷ்ணாயில் வர ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். சாட்சியங்களை ஆண்டவனே அழித்துவிட்டான் என்றும் நினைத்துக்கொண்டேன்.

அவன் மேலும் இரண்டு முறை விமானத்தில் போனான். பிறகு மாற்றலாகிப் பெங்களூர்ப் பக்கம் போய்விட்டான். போகும்போது கனகாம்பரத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். என் வாசலுக்கு வந்ததும் அது வாடியது.

தொண்ணூறுகளில் ஒருநாள் எங்களுக்கு கேஸ் இணைப்பு கிடைத்தது. மனுப்போட்டதே மறந்துபோகும் அளவுக்குக் காத்திருந்து வந்த கேஸ். சிலிண்டரைப் பொருத்திவிட்டு ஆட்கள் போன பிறகு, பழைய திரி ஸ்டவ்வைப் பரண்மேல் போட ஸ்டூலில் ஏறினேன். மனைவி கீழிருந்து ஸ்டவ்வைத் தூக்கிக் கொடுத்தாள். கொடுக்கும் முன் அதைத் தடவிப் பார்த்தாள்.

"நல்ல ஸ்டவ்வுங்க. எதிர்வீட்டுக்காரர் திரியை வெட்டிக் குடுத்ததிலேருந்து ஒரு பொட்டுக் கரி பிடிச்சதில்ல."

"எப்ப வெட்டிக் கொடுத்தான்?" ஸ்டூல்மேல் நின்றபடியே கேட்டேன்.

"அவர் தில்லி போறதுக்கு முன்னாடி. ஒரு செவ்வாக்கிழமை. நீங்க அம்பத்தூர் வரைக்கும் ஏதோ வாங்கப் போயிருந்தீங்க. வந்தவர் வாசல்லயே நின்னு, 'அண்ணி, நீங்க சோத்துப்பானை அடியில என்ன பூசுவீங்க'ன்னு கேட்டார். அரிசி மாவுன்னேன். 'அப்படியா, எங்க வீட்ல சாம்பல்'ன்னார். அப்புறம் ஒரே சிரிப்பு. எதுக்குச் சிரிக்கிறார்னே எனக்குப் புரியல."

நான் ஸ்டவ்வைப் பிடித்துக்கொண்டே நின்றேன். பத்து வருஷமாக நான் தீர்க்க முடியாத கணக்கை அவன் அன்று சாயங்காலமே, ஐந்து நிமிஷத்தில், எதிர்வீட்டு வாசலில் நின்று தீர்த்திருக்கிறான். அயோடினோடு நிறுத்தாமல் மூலப்பொருள் எங்கேயிருந்து வந்தது என்று போய்ச் சரிபார்த்திருக்கிறான். எனக்குத் தோன்றாத சோதனை அது. அந்த நிலையிலும், ஸ்டூல்மேல் நின்றபடி, கடைசியாக ஒருமுறை பொறாமைப்பட்டேன்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன. ஸ்டவ்வைப் பார்க்கலாமான்னார். திறந்து பார்த்துட்டு, 'திரி ஏத்த இறக்கமா இருக்கு அண்ணி, அதான் இவ்வளவு கரி'ன்னு கத்திரிக்கோல் வாங்கி எல்லாத்தையும் ஒரே மட்டமா வெட்டிக் குடுத்துட்டுப் போனார். அண்ணன்கிட்ட சொல்ல வேண்டாம்னார், நானும் சொல்லல." அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தாள். "எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். கோவிச்சுக்காதீங்க. நீங்களும் அதே கரி ஆபீஸ்லதான வேலை பார்த்தீங்க?"